பசை காயும் நேரம்

சும்மா இரு என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் ஆள் நானில்லை. சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவனுக்குச் சும்மா இருப்பது என்று ஒன்று கிடையாது. லோடு ஏறியதா, டிரைவர் கிளம்பினானா, டோல்கேட் தாண்டினானா என்று நாள் முழுக்க யாரையாவது விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விரட்ட ஆளில்லாத நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு திருச்செங்கோடு போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். டீ சங்ககிரியிலும் கிடைக்கும். அது வேறு விஷயம்.

அந்தக் காரைத்தான் தொடக்கூடாது என்றுவிட்டார் சேலத்து டாக்டர். வெண்ணந்தூரில் என் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குக் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த பந்திக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது கார் ஒரு மரவள்ளிக் காட்டுக்குள் நின்றிருந்தது. யாரோ என் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் நான் ஒன்றை விடாமல் சொன்னேன். "கண்ணு இருட்டிருச்சு. அப்பவும் காலு தானா பிரேக்குக்குப் போயிருச்சு பாருங்க. எத்தன வருச சர்வீசு." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். காப்பி கொண்டுவந்து வைத்த என் மனைவி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அன்று சாயங்காலமே கார்ச் சாவி பீரோவுக்குள் போய்விட்டது.

சர்க்கரை ஒரு நிலைக்கு வரும்வரை சில மாதங்கள் ஓட்ட வேண்டாம் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. மத்தியானத்தோடு ஆபீசை விட்டு, யார் வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்புறம் ஹாலுக்கும் வாசலுக்கும் நடைதான். டிவியைப் போடுவேன், அணைப்பேன். ஃபேன் ஆடுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறுவேன். பொறுக்க முடியாமல் என் மனைவி பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் புலம்பியிருக்கிறாள். நாலைந்து நாளில் கூரியரில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது.

மேல்மூடியில் ஒரு பழைய ஜெர்மன் காரின் படம். உள்ளே கார் இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாக என்னென்னவோ இருந்தது. கதவுக் கைப்பிடி நெல் அளவு. மகளுக்குப் போன் போட்டேன்.

"இதென்ன சாமி, எனக்குச் சொப்புச் சாமான் அனுப்பிருக்கற?"

"ஸ்கேல் மாடல் கிட்டுப்பா. எங்க ஆபீஸ்ல பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் செய்யறாங்க. அவசரப்படாம செய்யோணும். அதுக்குத்தான் உங்களுக்கு."

குத்தல் புரிந்தது. ஒரே வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். வெட்டினேன், ஒட்டினேன், பெட்டியில் வந்த படக்குறிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் ஊரில் இருந்துகொண்டு பெயிண்டுக்கு எங்கே போவது? பட்டறைக்கு எடுத்துப் போய், ஒரு லாரிக்குக் கலக்கி வைத்திருந்த பெயிண்டிலேயே தின்னர் ஊற்றி ஒரு கோட்டிங் அடித்து வாங்கி வந்தேன். தகரம் தாங்குகிற தின்னரைப் பிளாஸ்டிக் தாங்காது என்று எனக்கு யார் சொன்னார்கள்? வீடு வந்து சேர்வதற்குள் காரின் கூரை பாலாடையாகச் சுருங்கி உள்ளே விழுந்திருந்தது. என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்கும் சக்கர எறங்கிருச்சுங்களா?" என்றாள். அந்தச் சம்பவத்துக்குப் பின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கோபம் வந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

மகள் அதே கிட்டை மறுபடி அனுப்பினாள், கூடவே அதற்குரிய பெயிண்டுப் புட்டிகளையும். இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு துண்டையும் வெட்டி, வெட்டிய முனையை உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பசை காயும் நேரம்தான் இந்த வேலையில் பாதி என்பது யாரும் சொல்லித் தராத ரகசியம். எனக்கு அந்தப் பாதிதான் வரவில்லை. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தே பானெட்டில் மூன்று முறை என் கட்டைவிரல் ரேகையைப் பதித்தேன். மறுபடி தேய்ப்பு, மறுபடி பெயிண்ட். கடைசியில் என் மனைவியே ஒரு எவர்சில்வர் போசியைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தாள். "காயோணுமுங்க. கைய வெக்காதீங்க" என்றாள்.

அதில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. ஜெர்மன்காரனுக்கு அதுதான் சரி. எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சல். டேஷ்போர்டை ரம்பத்தில் அறுத்து, இடம் மாற்றி ஒட்டி, ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொண்டுவந்தேன். கை அதில் ருசி கண்டுவிட்டது. எங்கள் கார் வெள்ளை, எனவே இதுவும் வெள்ளை. எங்கள் நம்பரையே எழுதி ஒட்டினேன். பின் சக்கரத்துக்கு ரப்பரில் மட்கார்டு, முன்னால் மணியளவு எலுமிச்சம்பழமும் மிளகாயும். அந்த ஜெர்மன்காரன் பார்த்தால் அழுதிருப்பான். லாரிக் கயிறு இழுத்த என் விரல்களுக்குச் சின்னத் துண்டுகள் அகப்படாது. அதனால் அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புருவம் திருத்தும் இடுக்கியோடு எதிரே வந்து உட்கார ஆரம்பித்தாள். நான் பசை தடவுவேன், அவள் வைப்பாள். சண்டையும் நடந்தது, வேலையும் நடந்தது.

பாதி வேலையில் இருக்கும்போது டாக்டர் ஓட்டலாம் என்றார். சாப்பிடாமல் வண்டியை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்டதும் என் மனைவி மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்துக் கொடுத்தாள். மாடலை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு நிஜக் காரைக் கழுவப் போனேன். அந்த வாரமே திருச்செங்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. காரை வாசலில் நிறுத்தி, உள்பக்கமாக எட்டி அவள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தேன். அவள் பூ வைத்து, பை எடுத்து வந்தாள். கதவை வெளியிலிருந்தே சாத்தினாள்.

"நீங்க கார்ல போங்க. நானு பஸ்ஸுல வாரேனுங்க."

"என்ன, பைத்தியமா உனக்கு? டாக்டரே சொல்லியாச்சு."

"சொன்னாருங்க. நீங்க ஓட்டுங்க, நானு வேண்டாங்கல. என்னைய ஏறச் சொல்லாதீங்க."

தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனாள். நான் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓட்டினேன். ஆத்திரத்தில் முந்தினேன், முந்திவிட்டு ஓரம் கட்டி அது வரும்வரை நின்றேன். ஒரே விசேஷத்துக்கு நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் வந்து இறங்கியதைப் பார்த்த பங்காளி ஒருவர், "ஏனுங்க, கார்ல எடமில்லையாட்ட இருக்குது?" என்றார். இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அதன் பிறகு தினமும் ஓட்டினேன். எங்கே போனாலும் இடது பக்கம் காலி சீட். சாவி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றிருந்தவனுக்குக் கிடைத்த பிறகுதான் இருப்புக் கொள்ளவில்லை. அவள் ஏற வேண்டும். ஒரே ஒரு தடவை, அடுத்த தெரு வரைக்குமாவது அவள் என்னை நம்பி அந்தச் சீட்டில் உட்கார வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கெஞ்ச மானம் இடம் கொடுக்கவில்லை, அதனால் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சும்மா கிடக்கிறதே என்று மாடலை முடிக்க உட்கார்ந்தேன். அவளும் இடுக்கியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். சீட்டுகளை வைத்தாயிற்று. மேல்கூட்டை இறக்கி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. சட்டத்தில் கடைசியாக நகக்கண் அளவு ஒரு துண்டு மிச்சம் இருந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் வரவேண்டிய ஹேண்ட் பிரேக். அதைக் குப்பையில் ஒதுக்கினேன்.

"அது எதுங்க?"

"ஹேண்ட் பிரேக்கு. மூடிட்டா வெளிய தெரியாது. வேண்டாம்."

"வையுங்க."

"யாரு உள்ள எட்டிப் பாக்கப் போறா?"

அவள் குப்பையைக் கிளறி அதை இடுக்கியில் எடுத்தாள். "இதப் புடிச்சுத்தானுங்க அன்னைக்கு வண்டிய நிறுத்துனேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. நான்தான் பிரேக்கை மிதித்தேனே என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "உங்க கண்ணு தொறந்துதான் இருந்துச்சுங்க. கூப்புடறேன், கூப்புடறேன், திரும்பவே இல்ல. காலு ஆக்சிலேட்டர அமுக்கிட்டே இருந்துச்சு. எதுக்கால ஒரு பஸ்ஸு வந்துச்சு. ஸ்டீரிங்கப் புடிச்சு இந்தப் பக்கம் இழுத்தேன். சாவியத் திருப்பிட்டு இதயும் இழுத்தேன். அப்பறந்தான் காட்டுக்குள்ள போயி நின்னுச்சு."

"ஏன் இத்தன நாளா சொல்லல?"

"நீங்கதான் ஊட்டுக்கு வந்தவங்ககிட்டெல்லாம் சொல்லீட்டிருந்தீங்களே. நடுவுல பூந்து நானு என்னன்னு சொல்றது? போயிட்டுப் போகுதுன்னு உட்டுட்டேன்."

முகம் சுட்டது. எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம் என் காலைப் புகழ்ந்திருக்கிறேன். அதைவிட மோசம், கண் திறந்தபடி நினைவில்லாமல் கிடந்த என்னை அவள் எந்தச் சீட்டிலிருந்து பார்த்தாளோ, அந்தச் சீட்டில் வந்து உட்கார் என்றுதான் வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். அவள் என்னிடம் பசையைத் தடவச் சொன்னாள். நான் பசைக் குழாயை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளே தடவி, அவளே வைத்து, பிடித்துக்கொண்டாள். அன்று முழுதாகக் காயும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

மாடல் இப்போது டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளை அதற்குப் பிறகு நான் காரில் ஏறச் சொல்லவில்லை. அடுத்த முகூர்த்தம் ராசிபுரத்தில் வந்தது. அவள் கிளம்பி வாசலுக்குப் போனபோது நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே நடந்தேன்.

"காரு?" என்றாள்.

"இருக்கட்டும். நானும் பஸ்ஸுலயே வாரேன்."

ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பஸ் கை காட்டிய இடத்திலெல்லாம் நின்றது. டிரைவர் உருட்டிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்குக் கால் பரபரத்தது. இப்படிப் போனால் தாலி கட்டிய பிறகுதான் போய்ச் சேருவோம் என்று அவளிடம் சொல்லத் திரும்பினேன். திருச்செங்கோடுகூட வந்திருக்கவில்லை, அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து எத்தனையோ ஊருக்கு என் காரில் வந்திருக்கிறாள். ஒரு நாளும் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. எனக்குப் பேச்சுத்துணையாக விழித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.