மாப்ள ஆடாம வச்சிருந்த கடைசி மேட்ச்

எங்க மாப்ள லிஃப்ட் மெக்கானிக்கு. ஊரையே மேல ஏத்தி விடுவாரு, வீட்டுக்கு வந்தா சோஃபாவ விட்டு அவரை எழுப்ப கிரேன்தான் வரணும். போன வருசம் என் தங்கச்சி செத்ததுலேர்ந்து, கம்ப்யூட்டர்ல பேஸ்பால் டீம் நடத்துறதுதான் அவரு பொழப்பு. அந்த கேம்ல நாம பந்தை அடிக்க முடியாது. யாரை ஆட விடணும், யாரை உக்கார வைக்கணும்னு சொல்லிட்டு வேடிக்கை பாக்கணும்.

பந்து எறியுற ஆளுக்கு என் தங்கச்சி பேரை வச்சிருந்தாரு.

"என் மண்டையில கரண்டிய எறிஞ்சவளாச்சே, குறி தப்பாது"ன்னேன்.

"நல்ல கேம் மச்சான். யாருக்கு வலிச்சாலும் பேருக்குப் பக்கத்துல சிவப்பு காட்டிடும்."

"அப்ப குறையே இல்லையா?"

"வயசானா அதுவே ரிட்டயர் பண்ணிடும். வேணாம்னு சொல்ல பட்டன் இல்ல. இந்த சீசன்ல கடைசி மேட்ச் முடிஞ்சா இவ போயிடுவா."

அதனாலயே அதை ஆடாம மாசக்கணக்கா வச்சிருந்தாரு.

"ஆடித் தொலைங்க மாப்ள, எதிர் டீம்காரனுக்குப் பேரன் பொறந்துட்டான்!"

அவரு திரையக் காட்டினாரு. அவ பேருக்குப் பக்கத்துல சிவப்பு இருந்துச்சு.

"இதுல தெரியுது. வயித்து வலிய எங்கிட்ட கடைசி வரைக்கும் அவ சொல்லவே இல்லையே மச்சான்."

அப்புறம், "போதும், இனிமே நீ எறிய வேணாம்"னு திரையப் பாத்து சொல்லி, அவள உக்கார வச்சுட்டு மேட்ச ஆட விட்டாரு. டீம் படுதோல்வி. லிஸ்ட்லேர்ந்து அவ பேரும் போச்சு.

ஊரையே சிரிக்க வைக்கிற நான், சோஃபாவுல அவரு பக்கத்துல போய் உக்காந்துகிட்டேன்.