டாஷ்போர்டில் பேசிய ஜப்பான்காரி

எண்பதுகளின் நடுவில் கோல சிலாங்கூரில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்த்தேன். ஜப்பானில் வேண்டாமென்று கழித்த கார்களை இரண்டாக வெட்டிக் கப்பலேற்றி அனுப்புவார்கள். அதை ‘ஹாப் கட்’ என்போம். முன்பாதி வந்து இறங்கியதும் இஞ்சின் ஒருவருக்கு, விளக்கு இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுவோம். ஒரு திருகாணிகூட வீணாகாது.

எனக்கென்று ஒரு கார் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். உடம்பு பழைய டாக்சியுடையது. கதவுகள் ஆளுக்கொரு காரிலிருந்து வந்தவை. இஞ்சினும் டாஷ்போர்டும் ஹாப் கட் தந்தவை. “இது காடியா, கூட்டுக் குடும்பமாடா?” என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கு ரசனை போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

என் கர்வமெல்லாம் அந்த டாஷ்போர்டில்தான் இருந்தது. முள்ளுக்குப் பதிலாகப் பச்சை எண்கள் ஒளிரும். கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் உள்ளேயிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி பெண் குரலில் ஜப்பானிய மொழியில் எச்சரிக்கும். என் காரின் இடது கதவு எந்தக் காலத்தில் ஒழுங்காகச் சாத்திக்கொண்டது? அவள் ஓயாமல் பேசுவாள்.

அந்தக் காரில்தான் நானும் அம்மாவும் சுங்கை ஆயர் தாவாருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா தென்னந்தோட்டத்துக் கூலியாட்களை மேய்க்கும் மண்டோர். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், மீசையே மிரட்டும். பெண்ணைப் பார்த்த நொடியே எனக்குப் பிடித்துவிட்டது. அவரோ என்னை விட்டுவிட்டு வாசலில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாமா, ஏறிப் பாருங்க லா,” என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

இடது இருக்கையில் உட்கார்ந்து கதவை இழுத்துக்கொண்டார். பச்சை எண்களைக் காட்டுவதற்காகச் சாவியைத் திருப்பினேன். அவள் ஆரம்பித்துவிட்டாள்.

மண்டோர் துள்ளி வெளியே குதித்தார். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றார். அவள் மறுபடி பேச, டாஷ்போர்டைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடம் போனவர் அவர். அங்கே தாமதமாகக் குனிந்த பையனுக்குக் கன்னம் பழுத்துவிடும். இத்தனை வருஷம் கழித்தும் உடம்பு அதை மறக்கவில்லை.

வரிசை வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்த லயமே சிரித்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு முட்டியது, மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதைவிட, பெண் கைநழுவிப் போகிறாளே என்ற பயம்.

நிமிர்ந்தவருக்கு மீசை துடித்தது. “அந்தச் சனியன இப்பவே புடுங்கிப் போடு! இல்லன்னா பொண்ணும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!”

அந்தப் பெட்டிக்காக நான் எத்தனை ஹாப் கட்டுகளைக் குடைந்திருப்பேன்! ஆனாலும் பெண்ணா பெட்டியா என்று வந்தபின் யோசிக்க என்ன இருக்கிறது? தலையைக் காருக்குள் விட்டுத் திருப்புளியைத் தேடினேன். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பெண் ஜன்னலருகே வந்து குனிந்தாள்.

“இப்ப கழட்டிருங்க,” என்றாள் அடிக்குரலில். “ஆனா வீசிடாதீங்க. தாலி கட்டுன மறுநாளே மாட்டிடலாம். எங்கப்பா யாருக்காச்சும் தலை குனிஞ்சு இதுக்கு முன்ன நான் பாத்ததே இல்ல.”