முதுகு காட்டிப் படுத்திருந்தவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதே சிரிப்பை நான் எத்தனையோ பேர் முகத்துக்கு நேராகச் சிரித்திருக்கிறேன். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். துண்டு துண்டாகக் கிடப்பதை நம் மனம் எப்படி முழு உருவமாகச் சேர்த்துக்கொள்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பாடம். மேகத்தில் யானையும் சுவர்க்கறையில் முகமும் ஏன் தெரிகின்றன என்று கேட்டால் அரை நாள் பேசுவேன். அதனால் எனக்கு விளக்கம் சொல்ல வராதீர்கள், கேட்டால் போதும்.

என் மனைவியின் தம்பி சேகர் ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறான். ஈர ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டு, பெண்கள் வரிசையாக நடந்து காலாலேயே கோடு கோடாக இழுத்துக் கிளறுவார்கள். களத்தின் ஒரு மூலையில் மட்டும் கால் வைக்க மாட்டோம் என்று ஒருநாள் நின்றுவிட்டார்கள். கிளறாத சரக்கு புளிக்க ஆரம்பித்துவிட்டது. சேகர் எனக்குப் போன் செய்தான்.

"நீங்க படிச்சவீங்க மாமா, வந்து இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இன்னிக்கும் கெளறலைன்னா இவங்க எல்லாரையும் வேலைய விட்டு நிறுத்திப்போட்டு வேற ஆள் கொண்டாந்துருவேன்."

போனேன். நல்ல உச்சி வெயில். அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் சரசு. என்னை ஆலை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் காட்டினாள்.

"அங்க பாருங்க சார், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கா."

யாரும் எதையும் வரையவில்லை. கால் இழுத்த கோடுகள் அந்த இடத்துக்கு வந்ததும் அறுந்து நின்றன, அவ்வளவுதான். ஆனால் அறுந்த முனைகளைக் கண் தானாகவே சேர்த்துவிட்டது. தலை, தோள், இடுப்பு, மடக்கிய கால். நமக்கு முதுகு காட்டி ஒரு பெண். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு நல்ல உதாரணம் கிடைக்காது.

"நீங்க கால் வைக்காம விட்ட இடம்தாம்மா உருவமா தெரியுது" என்றேன்.

"மொத நாளு எல்லா எடத்துலயும்தான் சார் கால வெச்சோம். அங்க மட்டும் கோடு நிக்கல. முதுவ காட்டிக்கிட்டு கெடக்கற வரைக்கும் எங்களுக்கு ஒண்ணுமில்ல. அவ திரும்பிட்டாத்தான் பயம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெறும் விளிம்பை மட்டும் வைத்துக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம் என்று எதைச் சொல்வது? உற்றுப் பார்த்தால் முதுகு முகமாக மாறும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முதுகாகும், எந்த மனத்தாலும் ஒன்றையே பிடித்துவைத்திருக்க முடியாது. வருஷாவருஷம் வகுப்பில் செய்து காட்டுகிற வேலை இது.

"அது முன்பக்கம்னு நெனச்சுக்கிட்டு பாரும்மா, தானா மாறும்" என்றேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்று அதட்டினேன். கண்ணைத் திறந்தாள். நானும் பார்த்தேன்.

மாறியது. பின்னந்தலை இருந்த இடத்தில் முகம் இருந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், அந்த முகம் எங்கள் இருவரையும் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்தது பகை. அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

சரசு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவள அந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க சார்." பொறு, தானாக மாறிவிடும் என்றேன். கண்ணில் நீர் வழியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மாறவில்லை. சேகர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "முதுகுதானுங்களே மாமா தெரியுது?" என்றான்.

மறுநாளே அந்த மூலையில் கோடுகள் ஒழுங்காக விழுந்தன, மற்ற பெண்கள் பயமில்லாமல் கிளறினார்கள் என்று சேகர் போனில் சொன்னான். சரசு மட்டும் வேலைக்கு வரவில்லையாம். அவள் வராததில் ஆச்சரியமில்லை, எனக்கும் அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. குளியலறைத் தரைக்கல், பஸ் ஜன்னலில் மழைத்துளி, வேப்பமர நிழல் என்று புள்ளியும் கோடும் எங்கே இருந்தாலும் அவள் படுத்திருக்கிறாள், என்னைப் பார்த்தபடி. கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். மனத்தில் பதிந்துபோன பிம்பம், படுத்துத்தானே கிடக்கிறாள், கிடக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

போன மாதம் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் சரசுவைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். நலம் விசாரித்தேன்.

"சார், உங்களுக்கு அவ இன்னும் படுத்துத்தான் இருக்காளா?"

ஆமாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, என்னைத் தள்ளி நிற்கவைத்தாள். அன்றைக்கு முகூர்த்த நாள், பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் பஸ் வரும்வரை அந்த இடத்தில் ஒருவரும் வந்து நிற்கவில்லை, எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.