குளக்கட்டில் நான் அடித்த பீலி

எங்கள் தோட்டம் ஒரே முதலாளிக்குச் சொந்தம். தவறணையில் வளரும் தேயிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே ஊற்றுத் தண்ணீரை மறித்து மண்ணால் குளக்கட்டு போட்டிருந்தார். என் காலடியால் எண்ணினால் நூற்றுப் பதினான்கு எட்டு நீளம். நேர் கீழே லயத்தின் பதினொரு காம்பரா அறைகள், நாற்பத்து மூன்று பேர். கணக்கப்பிள்ளைக்குரிய வீடு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாவது காம்பராவில் நானும் மனைவியும் இருந்தோம்.

கட்டின் அடியில் ஓரிடத்தில் எப்போதும் ஈரம் கசியும். தண்ணீருக்குத் தூரத்து ஓடைக்குப் போக முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு. மனைவிக்கு அப்போது ஏழு மாதம். ஒரு கார்த்திகை ஞாயிறன்று மூங்கில் குழாய் ஒன்றை அந்த ஈரத்தில் இரண்டடி அடித்து இறக்கினேன். குழாய் வழியே தண்ணீர் கொட்டியது; லயத்துக்குப் பீலி கிடைத்தது. பெண்கள் என்னை வாயார வாழ்த்தினார்கள்.

முதலில் ஒரு வாளி நிறைய நான் தொண்ணூறு எண்ண வேண்டும். மாசியில் எழுபது. மழை பிடித்த ஆனியில் முப்பத்தொன்று.

"கணக்கப்புள்ளைய்யாவுக்கு இப்ப தண்ணி எண்ணுற வேலையும் குடுத்துட்டாங்களா?" என்றாள் கொழுந்தெடுக்கும் ஒருத்தி.

"சாமி கூட்டிக் குடுக்குதுங்க. எண்ணிக் கெடுத்துடாதீங்க" என்றாள் இன்னொருத்தி.

வெள்ளைப் பீங்கானில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். அடியில் செம்மண் படிந்தது. கட்டின் மண் உள்ளிருந்து கரைந்து வருகிறது என்று முதலாளியிடம் சொன்னேன்.

"பத்து வருஷமா நிக்கிற கட்டு. கொளத்த எறக்கிட்டா, மழை விட்டதும் தவறணைக்குத் தண்ணிக்கு எங்க போறது? ஒன் வேலையப் பாரு" என்றார்.

அன்று முழுதும் என் ஐந்து மாதக் குழந்தையையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு. மறுநாள் காலை, அவரைக் கேட்காமல், இரண்டு ஆட்களோடு மண்வெட்டி எடுத்துப் போய், கட்டின் ஓரத்தில் மிகுதித் தண்ணீர் வழியும் வாயை மூன்றடி ஆழமாக்கினேன். குளம் பாதிக்குமேல் இறங்கியது. நான்காம் நாள் பீலி நின்றது.

பெண்கள் காலி வாளிகளோடு வந்து நின்றார்கள். "நீங்களே குடுத்தீங்க, நீங்களே புடுங்கிட்டீங்க" என்றாள் முதலில் கேலி செய்தவள். என் மனைவியும் அவர்களோடுதான் நின்றாள்.

மூங்கிலைப் பிடித்து இழுத்தேன். சிரமமே இல்லாமல் வந்தது. துளைக்குள் கையை விட்டேன். முழங்கை போயிற்று, தோள் வரை போயிற்று. விரலுக்கு மண் தட்டவில்லை. பிறகு கேலி செய்தவளும் கையை விட்டுப் பார்த்தாள். கையை உதறிக்கொண்டு, "ஓடைக்குப் போவோம், வாங்கடி. புள்ளைகள இங்க விடாதீங்க" என்றாள்.

மனைவி மட்டும் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அடித்தது யாருக்காக என்று அவளுக்குத் தெரியும்.