ஜெனிவாவுக்குப் போகாத அம்மா

கம்பத்தில் பிறந்து, குமுளிக்கு மேலேயுள்ள ஏலத்தோட்டத்துக்கு மருமகளாக வந்து, காய் எடுத்தே எங்களை ஆளாக்கியவர் எங்கள் அம்மா. ஆண்டவர் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு ஆகிறது. அழுதுகொண்டு எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது.

அப்பா இறப்பதற்குச் சற்று முன்புதான், கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் காலங்காலமாக நடந்த பாதையில் ஏலத்தோட்டத்தின் புது நிர்வாகம் கேட் போட்டுப் பூட்டியது. அப்பாவை ஜீப்பில் ஏற்றி, மலையைச் சுற்றிக் கொண்டுபோனோம். லயத்து வீடுகளில் குடியிருந்த சனம் பின்னால் நடந்துவர வழியில்லை.

"மூட்டை கணக்கா ஏத்திட்டீகளேடா! என்னையத் தோள்லதான் கொண்டுபோகணும், ஆமா" என்றார் அம்மா.

நான் எர்ணாகுளத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். "ஜெனிவாவுக்கே எழுதுவோம்மா, ஐ.நா. மனித உரிமை மன்றம் அங்கதான் இருக்கு" என்று குதித்தேன். பிறகுதான் வகுப்பில் விதி தெரிந்தது: உள்நாட்டில் பலன் தரக்கூடிய வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பின்பே அங்கே புகாரை எடுப்பார்கள். அம்மா சோர்ந்துவிடுவார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? எல்லாக் கதவையும் தட்டி முடிச்சிருவோம்டா."

தோட்ட ஆபீஸில் விரட்டினார்கள். பஞ்சாயத்தில் கைவிரித்தார்கள். ஆர்.டி.ஓ. மனுவைத் தள்ளியபோது, கூட வந்தவர்களுக்கெல்லாம் அம்மா டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். "ஜெனிவா கிட்ட வந்துருச்சுல்ல!"

அடுத்த வீட்டுச் செல்வி அத்தை விடுவாரா? "மதினி, ஜெனிவாவுக்குக் குமுளில இருந்து நேரா பஸ் இருக்கா?"

"கம்பத்துல எறங்கி மாறணும்டி. நீயும் வா, சன்னல் சீட்டுத் தாரேன்."

உயர் நீதிமன்றத்தில் வென்றோம். கேட்டைத் திறக்க உத்தரவு. போனில் கத்தினேன்.

"அப்ப ஜெனிவா?"

"ஜெயிச்சுட்டா போக முடியாதும்மா."

"அடப்பாவி, ஸ்வெட்டர் எடுத்து வச்சிருந்தேனேடா!"

அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான், திறந்த கேட் வழியாக ஞாயிறுதோறும் அப்பாவைப் பார்க்கப் போய்வந்தார். மூச்சிரைப்பு முற்றிப் படுக்கையில் விழும்வரை ஒரு வாரமும் தவறவில்லை.

கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர் சேச்சிக்கும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட செல்வி அத்தைக்கும், இறுதிச் செபம் செய்த பங்குத்தந்தைக்கும், அந்தப் பாதை நெடுக அம்மாவுக்குத் தோள் மாற்றித் தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவை ஏற்றிச் சென்ற ஜீப் ஓட்டுநர் அண்ணனும் அன்று வந்திருந்தார். வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, முதல் தோள் அவர்தான் கொடுத்தார்.