ஃப்ரிட்ஜை அணைக்கும் சனிக்கிழமைகள்

சனிக்கிழமை மூன்று மணி ஆனால் போதும், அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் அணைந்துவிடும். அடுத்து மின்விசிறி. அதற்கடுத்து கூடத்து விளக்கு. கடைசியில் மனைவியின் போன் சார்ஜரையும் பிடுங்கிச் சுவரோரமாக வைத்துவிட்டுத்தான் அந்த மனுஷர் உட்காருவார். எல்லாம் ரேடியோவுக்காக. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றும் கரகரவென்று இரைச்சல் கிளப்புமாம், சிற்றலையில் தூரத்திலிருந்து வரும் மெல்லிய சத்தம் அதில் அமுங்கிப் போகுமாம். அவள் வேர்த்து வழிந்துகொண்டு ஒரு அட்டையை விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருப்பாள். அவரோ பால்கனிக் கதவோரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

வாரம் ஆறு நாளும் சலவைக் கடை கவுன்டரில் கால் கடுக்க நிற்கிறவள் அவள். சனிக்கிழமை மட்டும் அரை நாள். அந்த அரை நாளும் இப்படிப் போனால் வயிறு எரியுமா எரியாதா? இதை யாரிடமாவது சொல்லி அழவும் முடியாது. புருஷன் குடிக்கிறான் என்றால் நாலு பேர் பாவம் என்பார்கள். என் வீட்டுக்காரர் இரைச்சல் கேட்கிறார் என்றால் சிரிப்பார்கள். ஒருமுறை கடையில் கூட வேலை செய்பவளிடம் வாய்விட்டுச் சொல்லப்போக, அவள் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டியே கீழே விழப் பார்த்தது.

அவருக்குத் தொழில் தராசு ரிப்பேர். கடை கடையாகப் போய், எடைக்கல்லை வைத்து எடுத்து, தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது. நாளெல்லாம் கிராம் கணக்கில் பார்க்கிற மனுஷருக்கு வீட்டிலும் எல்லாம் கிராம் கணக்குதான். சொன்ன சொல்லிலும் அப்படித்தான், ஒரு கிராம் குறைக்க மாட்டார். கல்யாணமான புதிதில் ரேடியோவில் தூர தேசத்துப் பேச்சும் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ன நாள், இன்ன நேரம், உங்கள் நிலையம் இவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதிப் போடுவார். அவர்களும் நன்றி சொல்லிப் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். அதுவரை அவளுக்கும் பரவாயில்லை. அட்டையாவது பார்க்க அழகாக இருந்தது.

பிறகு அதுவும் சலித்துப்போய், மனுஷக் குரலே இல்லாத சத்தங்களைப் பிடிக்க ஆரம்பித்தார். டிக் டிக்கென்று மணி காட்டும் நிலையம். கர்புர்ரென்று பத்து நிமிஷம் இழுக்கும் ஒரு சத்தம், அதைப் பழைய லேப்டாப்புக்குள் விட்டால் கோடு கோடாக வானிலை வரைபடமாக விழும். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கேயோ நடுக்கடலில் புயல். நம் மொட்டைமாடியில் காயும் துணி நனையுமா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் லேப்டாப்பை மூடினார்.

இந்த லட்சணத்தில்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் அந்தச் சண்டை வந்தது. ஒரே மகள், இருவருக்கும் பாப்பா. இருபத்தைந்து வயதாகியும் பாப்பாதான். கப்பல் படிப்பு படித்தாள், பயிற்சிக்கு ஒரு வருஷம் கடலுக்கும் போய் வந்தாள். அதுவரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். அதற்கு மேல் கரையிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்து, அவளைக் கேட்காமலே துறைமுக அலுவலகத்தில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அவளோ அவரைக் கேட்காமலே சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாள். அப்பனுக்குத் தப்பாத பெண். ஏறினால் ஏறினதுதான், இறங்கி இந்த வீட்டுக்கு வராதே என்று வாசலில் நின்று சொல்லிவிட்டார். சரி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பா கப்பலிலிருந்து அம்மாவுக்குக் கூப்பிடுவாள். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பால்கனியில் ஏதாவது வேலை வந்துவிடும். அடுத்த மாதம் பாப்பாவின் ஒப்பந்தம் முடிகிறது, இரண்டு மாதம் விடுப்பு. எங்கே தங்குவாள்? துறைமுக நகரத்தில் கூடப் படித்தவளின் அறையில் தங்கப் போகிறாளாம். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "அப்பா வாயால வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, வரேன்" என்று பாப்பா சொல்லிவிட்டாள். இவரிடம் வந்து கெஞ்சினால், நானா போகச் சொன்னேன் என்கிறார். போகச் சொல்லவில்லை, வராதே என்றுதானே சொன்னீர்கள் என்று அவள் கரடியாய்க் கத்தினாள். ஹெட்போன் மாட்டியவர் காதில் எது ஏறும்? இந்த இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவளுக்குத் தூக்கமே போயிற்று.

அந்த எட்டு மாதமும் சனிக்கிழமைக் கூத்து மட்டும் நிற்கவில்லை, இன்னும் முற்றியது. முன்னெல்லாம் ஒரு மணி நேரம். இப்போது மூன்றிலிருந்து எட்டுவரை. எட்டு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் முள்ளை நிறுத்தி, லேப்டாப்பையும் அதில் மாட்டிவிட்டு அசையாமல் இருக்கிறார், ஒரு நோட்டில் மட்டும் அவ்வப்போது ஏதோ எழுதிக்கொள்கிறார். கீழ்வீட்டில் கண்ணாடி வெட்டும் பட்டறை வைத்திருப்பவரிடம் போய், சனிக்கிழமை மட்டும் உங்கள் பட்டறை விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் கண்ணாடிக்காரர் மாடிப்படியில் அவளை நிறுத்தி, சாருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அக்கறையாக விசாரித்தார். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஒரு சனிக்கிழமை பால் திரிந்துபோனது. அன்றைக்குத்தான் அவளுக்குப் பொறுமை கடைசியாகக் கெட்டது. அவர் குளிக்கப் போயிருந்த நேரம், அப்படி என்னதான் எழுதிக் கிழிக்கிறார் என்று அந்த நோட்டை எடுத்துப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், ஒன்பது இலக்க எண்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறு வேறு எண்கள் பத்துப் பதினைந்து இருந்தன. ஆனால் ஒரே ஒரு எண் மட்டும் எல்லா வாரமும் இருந்தது. அடியில் பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு. பக்கத்தில், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று ஐந்துக்கு இத்தனை மதிப்பெண். நாலு, நாலு, மூன்று என்று வந்து, கடைசி மூன்று வாரம் இரண்டு.

சலவைக் கடையில் ஒவ்வொரு துணிக்கும் எண் குத்தி வைப்பார்கள். ரசீது தொலைந்தவர்கள்கூட அவளிடம் வந்தால் துணியை வாங்கிவிடலாம், எண்கள் அவளுக்கு அப்படி மனதில் ஒட்டிக்கொள்ளும். இந்த எண்ணையும் எங்கேயோ பார்த்திருந்தாள். அலமாரியைத் திறந்தாள். கப்பல் கம்பெனி குடும்பத்துக்கென்று கொடுத்த தாள் அங்கே இருந்தது. கப்பலின் பெயர், அலுவலகத் தொலைபேசி, கீழே கப்பலின் ரேடியோ அடையாள எண். அதே ஒன்பது இலக்கம்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கப்பல் ரேடியோ தன் பொறுப்பு என்றும், சனிக்கிழமைதோறும் கரை நிலையத்துக்கு ஒரு சோதனை அழைப்பு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றும் பாப்பா ஒருநாள் போனில் சொன்னாள். அதை இவள்தான் பெருமையாகத் திருப்பித் திருப்பி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பால்கனியில் இருந்தவர் காதில் அது விழுந்திருக்கிறது. ஏழு விநாடி வரும் ஒரு கீச்சுச் சத்தம், அதை லேப்டாப்புக்குள் விட்டால் கப்பலின் எண்ணாக விழும். மகள் விரலால் ஒரு பொத்தானை அழுத்தினாள் என்பதற்கு அத்தாட்சி அது. அதற்காகத்தான் ஐந்து மணி நேரம்.

கப்பல் எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். பார்த்தால் மகளைத் தேடியதாக ஆகிவிடுமே! ரேடியோவில் தானாக வந்து விழுந்தால் அது பொழுதுபோக்கு. இந்த ஆம்பிளைக்கு இருக்கிற கொழுப்பைப் பார் என்று நினைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். எத்தனை நாள் நடிக்கிறார் பார்ப்போம் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த எண் வரவில்லை. ஐந்து மணிக்கு முள்ளை அப்படியும் இப்படியும் அசைத்தார். ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னலுக்கு வெளியே ஓடும் ஆன்டெனாக் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஏழு மணிக்கு, ஃப்ரிட்ஜ் நிஜமாகவே அணைந்திருக்கிறதா என்று அவளை இரண்டு தரம் கேட்டார். ஏழரைக்கு ஹெட்போனைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது.

"இந்தா, அவளுக்கு ஒரு போன் போடு."

"எவளுக்கு?" என்றாள் அவள். விட்டுவிடுவாளா?

"விளையாடாதே. போடு."

அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. போட்டாள். இரண்டாவது மணியிலேயே பாப்பா எடுத்தாள். ஒரு துறைமுகத்தில் நிற்கிறார்களாம், சரக்கு இறங்குகிறதாம், ஒன்றும் இல்லையாம். அம்மாவுக்கு உயிர் வந்தது. இன்றைக்கு ரேடியோ சோதனை பண்ணவில்லையா என்று கேட்டுவிட்டாள். துறைமுகத்தில் நிற்கும்போது அதையெல்லாம் போடக் கூடாதும்மா, இதுவரை சனிக்கிழமையெல்லாம் கடலில்தான் இருந்தோம், ஆமாம், உனக்கெதுக்கு அது என்று பாப்பா கேட்டதுதான் தாமதம், அவர் போனைப் பிடுங்கினார்.

"மூணு வாரமா சிக்னல் தேஞ்சுகிட்டே வருது. ஆன்டெனா அடியில இருக்கற பீங்கான்ல உப்பு படிஞ்சிருக்கும். நல்ல தண்ணியில தொடச்சு விடு."

அந்தப் பக்கத்திலிருந்து "அப்பாவா?" என்று மட்டும் கேட்டது. சுட்டுவிட்டது போலப் போனை அவள் கையில் திணித்துவிட்டு அவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

எட்டு மாதமாக, ஃப்ரிட்ஜை அணைத்து வைத்துவிட்டு, வாரா வாரம் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அம்மா ஒன்று விடாமல் போட்டு உடைத்தாள். பாப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. யாரோ கூப்பிட, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்த அர்ச்சனை கீழ்வீடுவரை கேட்டிருக்கும். பெற்ற பெண்ணிடம் எட்டு மாதம் கழித்துப் பேசுகிற பேச்சா அது? உப்பாம், பீங்கானாம்! வா என்ற ஒரு எழுத்து உங்கள் வாயில் வராதா? அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கப்பல் புதன்கிழமை கிளம்பியது.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜை அணைத்தது அவள்தான். சார்ஜரையும் அவளே பிடுங்கினாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டார். ஐந்தே கால், ஐந்தரை. வேறு கப்பல்களின் எண்கள் வந்து போயின. ஆறு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது அந்தக் கீச்சுச் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருவது போலப் பளிச்சென்று வந்தது. லேப்டாப் திரையில் அந்த ஒன்பது இலக்கம். அவர் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஐந்து என்று போட்டார். இதுவரை எந்த வாரத்துக்கும் அவர் ஐந்து போட்டதில்லை.

"தொடச்சிருக்கா" என்றார்.

பென்சிலை உள்ளே வைத்து நோட்டை மூடினார். எந்தத் தேதி வர்றாளாம் என்று, கொடுத்த துணி எப்போது கிடைக்கும் என்று கவுன்டரில் கேட்பவர்களைப் போலக் கேட்டார். அவளுக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, போனில் பாப்பாவின் எண்ணை அழுத்தி அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே கேளுங்க."

மணி அடித்தது. அவர் எழுந்து நின்றார்.

"பாப்பா, அப்பா பேசறேன்" என்றார். "நல்லா கேட்டுது. அஞ்சுக்கு அஞ்சு." அப்புறம் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீட்டுக்கு வா" என்றார்.

அவள் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைப் போட்டாள். ரேடியோ கரகரவென்று இரைந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.