திரித்துவத்துக்குப் பின் பதினாலாம் ஞாயிறு

லவோனா மைன்கேவுக்கு அடுத்தவர் வீட்டுக் கதை கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் எந்தச் சரளைச் சாலையில் எந்த வீடு, எந்த அப்பன் குடிக்கிறான், எந்த மருமகள் மாமியாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியதும் வீட்டுக் கதையை அவிழ்த்துவிடும், இவள் கண்ணை ரோட்டிலும் காதைப் பின்னாலும் வைத்திருப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த வரத்து நின்றுபோனது. சும்மா இருப்பாளா? உயிரோடு இருப்பவர்களை விட்டுவிட்டுச் செத்தவர்களிடம் போனாள்.

இம்மானுவேல் கோயிலின் அடித்தளத்துச் சமையலறையில், பெரிய காபிப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஓர் அலமாரி உண்டு. அதில் பழைய லுத்தரன் சபைப் பத்திரிகைகள், வருஷவாரியாகக் கட்டி அட்டை போட்டவை, அடுக்கிக் கிடந்தன. எப்போதோ இறந்த ஒரு போதகரின் மனைவி கொடுத்துவிட்டுப் போனது. தூக்கிப் போட யாருக்கும் மனசில்லை, படிக்க யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் ஜெர்மன், அதுவும் முள்கம்பியை முறுக்கி வைத்தாற்போன்ற பழைய அச்செழுத்து. லவோனாவுக்குச் சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெர்மன் கீர்த்தனைகள் நாலைந்து மறக்காமல் இருந்தன. அவற்றைப் பழைய பாட்டுப் புத்தகத்தில் தேடி எடுத்து, வாயில் பாட்டும் விரலடியில் எழுத்துமாக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டாள்.

படித்தால், அடேயப்பா! முன்பக்கத்தில் நீளமான உபதேசம். அதை அவள் தாண்டிவிடுவாள், கடவுள் மன்னிப்பார். பின்பக்கம்தான் விருந்து. எந்தச் சபையில் மணி தொங்கவிட்டார்கள், எந்த வாத்தியார் எந்த ஊருக்கு மாற்றலானார், போதகர் வேஷம் போட்டு வீடு வீடாகச் சாப்பிட்டுத் திரிகிறவனின் அங்க அடையாளம், கப்பலேறி வந்த தம்பியைக் கண்டீர்களா என்று கேட்கும் அக்காவின் விளம்பரம். பிறகு மரணங்கள். யார், யார் மகள், எந்தக் காய்ச்சல், எந்த வசனத்தின் மேல் பிரசங்கம், எல்லாம் இருக்கும். கோடை முழுக்க அந்தக் குளுகுளு அறையில் லவோனா வாய்க்குள் "ஐயோ பாவம்" சொல்லிக்கொண்டே பக்கம் புரட்டினாள்.

"என்ன, உன் சிநேகிதங்கல்லாம் சௌக்கியமா?" என்று அவள் வீடு திரும்பியதும் புருஷன் டெல்பர்ட் கேட்பான்.

"எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க."

"அதான் உன்கூடச் சண்டை வராம ஓடுது."

டெல்பர்ட்டுக்கு ஒரு தாய்மாமன், ஆர்வின் கோல்டர்மன். எண்பதைத் தாண்டியவர், கல்யாணம் கட்டாதவர், காது மந்தம். அவர் மூத்தாள் பிள்ளை. டெல்பர்ட்டின் அம்மா இளையாள் வழி. மூத்தாள் ஹுல்டா, ஆர்வின் பிறந்த கையோடு போய்விட்டாள் என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். ஒரு போட்டோகூட இல்லை. இளையாளின் சொந்தக்காரர்களுக்கு நாக்கு நீளம். "பொறந்ததும் ஆத்தாள முழுங்கினவன்" என்று அந்தப் பிள்ளையின் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, யார் கேக் கொண்டுவந்தாலும் தன் பிறந்தநாளன்று மனுஷன் வயலுக்குப் போய்விடுவார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை: அம்மா எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்து, சாவதற்குள் ஒரு கல் நட வேண்டும்.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. கோயில் ஒருமுறை இடி விழுந்து எரிந்ததில் சபைப் பதிவேடுகள் சாம்பலாகிவிட்டன. ஹுல்டாவுக்கு நட்ட மரச்சிலுவையும் எந்தக் காலத்திலோ உளுத்துப் போனது. அந்தக் கல்லறைத் தோட்டத்திலோ குடும்பம் குடும்பமாகப் புதைக்கிற வழக்கமே கிடையாது. சாகிற வரிசையில் புதைப்பார்கள். இன்று செத்தவனுக்கு நேற்றுச் செத்தவன்தான் பக்கத்து வீடு. புருஷன் கிழக்குக் கோடியில், பெண்டாட்டி மேற்குக் கோடியில். வேலித் தகராறில் ஆயுசு முழுக்கப் பேசாமலிருந்த லோமையரும் டெக்ட்மையரும் ஏறக்குறைய தோளோடு தோள் கிடக்கிறார்கள். ஆகவே செத்த தேதி தெரிந்துவிட்டால் இடம் தெரிந்துவிடும்.

அந்தத் தேதியைத்தான் லவோனா தேடினாள். ஆர்வின் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, ஆகஸ்ட் இருபத்தேழு. அந்த வருஷக் கட்டை எடுத்து இலையுதிர் கால இதழ்களைப் புரட்டியபோது, நவம்பர் இதழின் கடைசிப் பக்கத்தில் ஹுல்டா அகப்பட்டாள். ரேம் குடும்பத்தில் பிறந்தவள், வயது இருபத்திரண்டு, பிரசவக் காய்ச்சல். திரித்துவத்துக்குப் பின் பதினாலாம் ஞாயிறன்று அடக்கம்; தேதி போடாமல் திருநாளிலிருந்து ஞாயிறுகளை எண்ணிச் சொல்வது அந்தப் பத்திரிகையின் வழக்கம். அவள் சவப்பெட்டி கோயிலில் இருக்கும்போதே, அதன் அருகில் வைத்து, அவளுடைய ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது.

லவோனா மூக்கைச் சிந்திவிட்டுக் கிளம்பிப் போய், ஆர்வினின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவர் காதருகே சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"பெட்டி பக்கத்துலயா? எனக்கா தண்ணி ஊத்தினாங்க?"

"ஆமா மாமா."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒருதரம் சேந்து கோயிலுக்குப் போயிருக்கோம்" என்றார் ஆர்வின். பிறகு எழுந்துபோய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார், கழுவ ஒன்றும் இல்லை.

பதினாலாம் ஞாயிறு எந்தத் தேதி என்று கண்டுபிடிக்க லவோனாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலில் பீடத்துத் துணி மாற்றுகிற பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. எந்த ஞாயிறு பச்சை, எந்த ஞாயிறு சிவப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். பழைய காலண்டரை வைத்துக்கொண்டு ஞாயிறுகளை விரலால் எண்ணினாள், ஆகஸ்ட் முப்பது வந்தது. தோட்டத்தில் லோமையர் செத்தது அதே வருஷம் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு முன், டெக்ட்மையர் செப்டம்பர் இரண்டு. இருவருக்கும் நடுவே கல்லில்லாத புல்தரை ஒன்று. டெக்ட்மையருக்கு அந்தப் பக்கமும் கல்லில்லாத இடம் ஒன்று இருந்தது, அது யாரோ எவரோ. அக்டோபரில் கல் வந்தது. டெல்பர்ட் தன் கையால் கான்கிரீட் கலந்து, நாளைக்குப் புயல் வந்தாலும் அசையாதபடி நட்டான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஆர்வினின் மடக்கு நாற்காலி அந்தக் கல்லுக்கு முன்னால் விரியும். சோள விலை, மழை, யார் வீட்டு நாய் செத்தது, எல்லாம் கல்லிடம் சொல்வார். காது மந்தமானவர் ஆதலால் ஊருக்கே கேட்கும்.

வசந்தத்தில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பண்ணை வீட்டைக் காலி செய்தபோது மாடி அலமாரிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம் செருகிக் கிடந்தது. ஓரமெல்லாம் தேவதூதர்கள், நடுவில் ஜெர்மன் எழுத்து: ஆர்வினின் ஞானஸ்நானச் சான்று. இதை இல்லத்தில் கட்டிலுக்கு மேலே மாட்டலாம் என்று லவோனா சுத்தியலும் ஆணியுமாகப் போனாள். ஆர்வின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று பின்னால் நகர்ந்து பார்த்தவள் பழக்க தோஷத்தில் படிக்கவும் செய்தாள். செப்டம்பர் ஆறு என்றிருந்தது.

போதகர் தேதியைத் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். தன்மேல் சந்தேகம் வர யாருக்குத்தான் அவசரம்? பெட்டியருகில் ஞானஸ்நானம் என்றால் அடக்கமும் அதே நாள், அது ஆகஸ்ட் முப்பது, அவள் எண்ணிய எண்ணிக்கை. ஒரு வாரம் எப்படி இடிக்கும்? கட்டில் நுனியில் உட்கார்ந்து மறுபடி விரல் மடக்கினாள். பெந்தெகொஸ்தேக்குப் பின் முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு... அங்கேயே அவள் வாய் நின்றுவிட்டது. பெந்தெகொஸ்தே! திரித்துவ ஞாயிறு அதற்கு அடுத்த வாரமல்லவா வருகிறது? அந்தக் காலத்தில் எல்லோரும் திரித்துவத்திலிருந்து எண்ணினார்கள். அவளே பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தாள். பிற்பாடு புதுப் புத்தகங்கள் வந்து பெந்தெகொஸ்தேயிலிருந்து எண்ணச் சொன்னபின், நாற்பது வருஷம் துணி மாற்றி மாற்றி அந்தக் கணக்கே கையில் ஊறிப்போயிருந்தது. கண் திரித்துவம் என்று படித்தது, விரல் பெந்தெகொஸ்தேயிலிருந்து எண்ணியது.

செப்டம்பர் ஆறு என்றால் ஹுல்டா டெக்ட்மையருக்கு அந்தப் பக்கம். கல் நிற்பது வேறு யாரோ ஒருவர் தலைமாட்டில்.

"சொல்லாத" என்றான் டெல்பர்ட், அன்று ரொட்டிக்குள் வைத்த முட்டைக்கோஸும் கறியும் ஆறிக்கொண்டிருக்க. "பாவம், அவருக்கு வயசாச்சு. அந்தக் கல்லுதான் அவருக்கு அம்மா. அதையும் புடுங்கிடாத."

"அவர் யார்கிட்டயோ பேசிட்டிருக்கார்ங்க."

"கேக்கறவங்க ஒண்ணும் புகார் சொல்லலையே."

"உங்களுக்கு உங்க கான்கிரீட்ட ஒடைக்கணுமேன்னு கவலை."

"அதுவும்தான்" என்று டெல்பர்ட் ஒப்புக்கொண்டான். "ஆனா லவோனா, நெசமாத்தான் சொல்றேன். அந்த மனுஷன் மனசு ஒடஞ்சிடும்."

அதுதான் அவள் பயமும். இரண்டு ஞாயிறு வாயைத் திறக்கவில்லை. ஊர்க்கதை ஒன்றையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு அது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் ஞாயிறு, இல்லத்திலிருந்து அழைத்து வந்திருந்த ஆர்வின் கல்லைத் தடவி, இந்த ஊர்ல எனக்குன்னு நீ இருக்கியே அது போதும் என்று உரக்கச் சொன்னார். லவோனாவால் தாங்க முடியவில்லை. டெல்பர்ட் லாரியருகே நின்று தலையாட்டி வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டிக்கொண்டிருக்க, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் புல்லில் மண்டியிட்டாள்.

"மாமா, நான் தப்புப் பண்ணிட்டேன். இது உங்க அம்மா இல்ல."

"என்னாது?"

"இது அவங்க இல்ல! அவங்க டெக்ட்மையருக்கு அந்தப் பக்கம்! நான் ஞாயித்துக்கிழமைய ஒரு வாரம் தப்பா எண்ணிட்டேன்!"

தோட்டத்தில் பூ வைக்க வந்திருந்த இரண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. ஆர்வின் அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"அப்ப இது யாரு?"

"தெரியல மாமா. தேடிட்டிருக்கேன்."

"யாருன்னே தெரியாத ஆள்கிட்ட என் மூல வியாதியப் பத்திப் பேசிருக்கேன்."

லவோனாவுக்கு அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. மன்னித்துவிடுங்கள் என்று இரண்டு முறை கத்தினாள். ஆர்வின் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் புருவத்தைச் சுருக்கி வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணினது தப்புன்னா, அடக்கம் என்னைக்கு?"

"செப்டம்பர் ஆறு. உங்க சர்ட்டிபிகேட்லயே இருக்கு."

"நான் பொறந்தது ஆகஸ்ட் இருபத்தேழு."

"ஆமா மாமா."

"அந்த வெயில்ல ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். அதுக்கு மேல பெட்டிய வீட்ல வெக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

ஆர்வின் மடிமேல் விரல்களை மடக்கி மடக்கி நாட்களை எண்ணினார். செத்தவர்களின் தேதிகளிலேயே குடியிருந்த லவோனாவுக்கு இது உறைக்கவேயில்லை. அவள் கல்லைப் பற்றியே யோசித்திருந்தாள், புல்தரையைப் பற்றியே பயந்திருந்தாள். கிழவர் சொல்ல வாயெடுத்தபோதுதான் சட்டென்று புரிந்தது, கை தன்னால் வாயைப் பொத்திக்கொண்டது.

"ஒரு வாரம்" என்றார் ஆர்வின். "ஒரு வாரம் இருந்திருக்காளே. நான் வந்ததும் போயிட்டான்னு சொன்னாங்களே. முழுங்கினவன்னு சொன்னாங்களே. ஒரு வாரம் என்னைப் பக்கத்துல போட்டுப் பாத்துட்டு இருந்திருக்கா."

"பால் குடுத்திருப்பாங்க மாமா."

"என் மூஞ்சி அவளுக்குத் தெரியும்" என்றார் அவர். அவருக்கு அழத் தெரியவில்லை. எண்பது வருஷப் பழக்கமில்லாமை. முகம் என்னென்னவோ செய்தது.

லவோனா அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். டெக்ட்மையரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துப் புல்லுக்குப் போனார்கள், டெல்பர்ட் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். கல்லை எப்போது பிடுங்க வேண்டும் என்று அவன் மெல்லக் கேட்டதற்கு, அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிடுங்கு என்றார் ஆர்வின். பிறகு உட்கார்ந்தார்.

அன்று மாலை இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், பக்கத்து நாற்காலிக்காரரிடம், தட்டு வைக்க வந்த பெண்ணிடம், கதவோரம் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக்கூட, யாரும் கேட்காமலே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கம்மா என்னை ஒரு வாரம் வச்சிருந்தா."